சுத்தமும் கைக்காசும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதியது)

"சுத்தம் சோறு போடும்" என்பது நம்மவர் வழங்கும் பழமொழி. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையே. ஆயினும், இவற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கேட்பவரைக் குற்றங்கூறும் பாவனையிலேயே சொல்லி வருகிறார்கள். அழுக்கு உடையுடன் வரும் பிள்ளையைப் பார்த்து, "உன் வீட்டில் சோப்பு இல்லையா?" என்று கேட்பவருக்கு, மெய்யாகவே அந்த வீட்டில் சோப்பு இல்லாமலிருக்கக்கூடும் என்ற நினைவு எழுவதில்லை. கந்தையைக் கசக்குவதற்கும் தண்ணீர் வேண்டும், சோப்பு வேண்டும், உலர்த்துவதற்கு வெயில் படும் கொடி ஒன்று வேண்டும். சோறு போடுவதாகச் சொல்லப்படும் சுத்தத்திற்கு முதலில் நாம் காசு போட வேண்டியிருக்கிறது.

நம் சங்க அங்கத்தினர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை. பாவு கிடைக்காமல் தறி நின்றுபோன வாரத்திலும், மழை பொய்த்து மகசூல் குன்றிய ஆண்டிலும் குடும்பச் செலவில் முதல் வெட்டு எதில் விழுகிறது? அரிசியைக் குறைக்க முடியாது. குழந்தையின் பாலைக் குறைக்க மனம் வராது. கடன் தவணை தவறினால் என்னைப் போன்றவர்கள் வாசலில் வந்து நிற்போம். ஆகவே குறைவன சோப்பும், பற்பொடியும், துணி துவைக்கும் தூளும், பெண் மக்களுக்கு மாதந்தோறும் வேண்டிய நாப்கினுமே. பண்டகசாலையின் பற்றுப் புத்தகத்தைப் புரட்டினால், கூலி குறைந்த மாதத்தில் எந்தெந்தச் சாமான்கள் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டன என்று எளிதில் காணலாம். பசி என்றால் வாய்விட்டுச் சொல்லலாம், கேட்பவரும் இரங்குவர். "குளிக்கச் சோப்பில்லை" என்று யார் யாரிடம் சொல்வது? சொன்னால் மானம் போகும் என்று அஞ்சி, சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள்.

முற்காலத்தில் நம் கிராமங்களில் சுத்தத்திற்கு வேண்டிய பொருள்கள் பெரும்பாலும் நிலத்திலிருந்தே கிடைத்தன. பல் துலக்க வேப்பங்குச்சி, தலைக்குச் சீயக்காயும் அரப்பும், துணி வெளுக்க உவர்மண், பாத்திரம் துலக்கச் சாம்பலும் புளியும் என்று இருந்தன. அக்காலத்தை மெச்சிக்கொண்டே இருப்பதும் சரியன்று. ஊர்க் குளத்தில் இறங்கவும் பொதுக் கிணற்றில் நீர் இறைக்கவும் உரிமை மறுக்கப்பட்ட மக்களுக்கு அந்தச் சுத்தமும் இலவசமாகக் கிடைக்கவில்லை. 1927ஆம் ஆண்டில் மகாட் என்னும் ஊரில் டாக்டர் அம்பேத்கர் தம் மக்களுடன் பொதுக் குளத்திற்கு நடந்து சென்று நீரருந்திய வரலாற்றைப் படித்தவர்கள் இதை அறிவார்கள். இன்று விறகடுப்புப் போன வீட்டில் சாம்பலும் இல்லை. சீயக்காயும் பொட்டலத்தில் வருகிறது. சுத்தம் ஏறக்குறைய முழுவதும் கடைச் சரக்காகிவிட்டது. கடைச் சரக்கு எதுவாயினும், அதை வாங்க இயலாதவர் என்று ஒரு கூட்டம் உண்டாகிவிடும். இந்த நிலைக்கு மேல்நாடுகளில் சுகாதார வறுமை என்று இக்காலத்தில் பெயரிட்டிருக்கிறார்கள்.

செல்வம் மிகுந்த நாடுகளில் இது இராது என்று எண்ணுவது பிழை. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் வழங்கும் உணவு உதவியைக் கொண்டு ரொட்டி வாங்கலாம், பால் வாங்கலாம். சோப்பு வாங்க முடியாது. பிரிட்டனின் கதையோ சற்று விரிவாகவே பார்க்கத் தக்கது. அந்நாட்டில், பள்ளிப் பருவத்தைத் தாண்டாத ஒரு பெண்ணும், கல்லூரி மாணவி ஒருவரும், அவர்களைப் போன்ற பலரும் சேர்ந்து அரசாங்கத்தையே அசைத்திருக்கிறார்கள்.

அந்நாட்டில் 1712ஆம் ஆண்டு முதல் 1853ஆம் ஆண்டு வரை சோப்பின் மீதே வரி இருந்தது. அதிகாரிகள் கண்ணிற் படாமல் இரவில் சோப்புக் காய்ச்சி விடுவார்களோ என்று அஞ்சி, கொப்பரைகளின் மூடிகளைப் பூட்டி வைக்கும் வழக்கமும் இருந்தது. (ஆய்வாளர் உத்தியோகத்தின் பழம்பெருமைகளில் இதுவும் ஒன்று போலும்!) அந்த நாட்களில், 1832ஆம் ஆண்டு, லிவர்பூல் நகரில் காலரா பரவிற்று. கிட்டி வில்கின்சன் என்ற ஏழைப் பெண்மணி, தம் வீதியிலேயே தம் வீட்டில் மட்டும் இருந்த வெந்நீர்க் கொப்பரையை அண்டை வீட்டார் துணி வெளுப்பதற்குத் திறந்துவிட்டார். வாரத்திற்கு ஒரு பென்னி கட்டணம். சிறு வயதில் பஞ்சாலையில் வேலை செய்து வளர்ந்தவர் அவர். அந்த ஒரு கொப்பரையின் வழியே 1842ல் அந்நகரில் பொதுச் சலவைக் கூடம் ஒன்று ஏற்பட்டது. 1846ல் பொதுக் குளியலறைகளையும் சலவைக் கூடங்களையும் அமைப்பதற்குப் பார்லிமெண்டு சட்டமும் செய்தது. ஒரு வீட்டில் உள்ளதைப் பலர் பொதுவில் வைத்து, சிறு தொகை போட்டுப் பயன்படுத்தினார்கள். இது கூட்டுறவு அல்லாமல் வேறு என்ன?

இத்தகைய வரலாறுடைய நாட்டில், 2017ஆம் ஆண்டின் முற்பகுதியில், கம்பளி நெசவினால் பெயர் பெற்ற லீட்ஸ் நகரிலிருந்து ஒரு செய்தி வெளிவந்தது. அவ்வூரில் இயங்கிவந்த ஒரு தொண்டு நிறுவனம், ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்குக் காலத்துக்கு வேண்டிய பொருள்களை அனுப்பி வந்தது. அந்நிறுவனத்தை லீட்ஸ் நகரப் பள்ளி ஒன்றே அணுகி, "எங்கள் மாணவிகளுக்கும் தர இயலுமா?" என்று கேட்டது. விசாரித்ததில், மாதந்தோறும் சில நாட்கள் மாணவிகள் பள்ளிக்கு வராமலிருப்பதன் காரணம் நாப்கின் வாங்கக் காசில்லாமையே என்று தெரிந்தது. கழிவறைக் காகிதத்தை மடித்து வைத்தும், காலுறையைச் சுற்றிக்கொண்டும் சமாளித்தவர்கள் இருந்தார்கள். அதே ஆண்டில், 14 முதல் 21 வயது வரையுள்ள பெண்களிடம் பிளான் இண்டர்நேஷனல் என்னும் நிறுவனம் நடத்திய விசாரணையில், 10 பேரில் ஒருவர் இப்பொருளை வாங்க இயலாமல் இருந்ததுண்டு என்று கூறினர். ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிய மூட்டையில் ஒன்றை அடுத்த தெருவில் இறக்க வேண்டியதாயிற்று.

இச்செய்தியை லண்டனில் படித்தவர்களுள் அமிகா ஜார்ஜ் என்ற பெண்ணும் ஒருவர். கேரளத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். அப்போது வயது 17, பள்ளி மாணவி. தன்னொத்த வயதுப் பெண்கள் இப்படிப்பட்ட காரணத்தால் படிப்பை இழக்கிறார்கள் என்பது அவருக்குப் பொறுக்கவில்லை. 2017 ஏப்ரலில் இணைய வழியாக ஒரு மகஜரைத் தொடங்கினார். பள்ளியில் இலவச உணவு பெறும் ஏழை மாணவிகளுக்கு அரசாங்கம் நாப்கினும் இலவசமாகத் தர வேண்டும் என்பதே அதன் முதற் கோரிக்கை. கையொப்பங்கள் நாளடைவில் ஏறத்தாழ 2 லட்சத்தை எட்டின. 2017 டிசம்பர் 20ஆம் நாள், பிரதம மந்திரியின் இல்லமுள்ள டௌனிங் வீதிக்கு எதிரே, குளிரைப் பாராமல் சுமார் 2,000 பேர் கூடினார்கள். பெரும்பாலோர் இளைஞர், சிவப்பு ஆடை அணிந்து வந்தார்கள். எதைச் சொல்ல நாணி மறைத்து வந்தார்களோ, அதன் நிறத்தையே உடுத்திக்கொண்டு நடுவீதியில் நின்றார்கள்!

அதற்கு மறுநாளாகிய டிசம்பர் 21, கூட்டுறவாளர்கள் மறவாத நாள். 1844ஆம் ஆண்டு அதே தேதியில்தான் ராச்டேல் முன்னோடிகள் 28 பேர் டோட் லேனில் தங்கள் கடையைத் திறந்தார்கள். லீட்ஸ் நகரிலிருந்து ஒரு மலைத் தொடரைத் தாண்டினால் ராச்டேல் வந்துவிடும். நெசவாளரும் பிற தொழிலாளரும் சேர்ந்து, 28 பவுன் முதல் போட்டு, மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ் மாவு, மெழுகுவர்த்தி ஆகிய சில சரக்குகளுடன் தொடங்கிய கடை அது. தேதிகள் அடுத்தடுத்து அமைந்தது தற்செயலே. அதில் ஏதோ தெய்வச் செயல் இருப்பதாக நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் உள்ள உறவு வேறு. அதைப் பின்னே கூறுகிறேன்.

அமிகா ஜார்ஜும் அவர் தோழர்களும் ஊர்வலத்தோடு நின்றுவிடவில்லை. 2019 ஜனவரியில் சட்ட வழியை நாடினார்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் கல்வி ஒரே வகையில் கிட்டச் செய்வது அரசாங்கத்தின் கடமை. பெண்ணாகப் பிறந்த காரணத்தால் ஒருத்தி மாதத்தில் சில நாள் பள்ளியை இழப்பாளாயின் அக்கடமை தவறியதாகும் என்பது அவர்கள் வாதம். கருணை காட்டுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. கணக்கைத் தீருங்கள் என்று கேட்டார்கள். வழக்கு மன்றம் வரையில் போகவும் நேரவில்லை. 2019 மார்ச்சில் நிதியமைச்சர், இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இலவசமாக வழங்குவதாக அறிவித்தார். தொடக்கப் பள்ளிகளும் பின்னர் சேர்க்கப்பட்டன. 2020 ஜனவரி 20ல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலில் கேட்டது இலவச உணவு பெறும் ஏழை மாணவிகளுக்கு மட்டும். கிடைத்ததோ எல்லா மாணவிகளுக்கும். ஏழை யார் என்று பொறுக்கி எடுக்கும் பட்டியலே இல்லாமற் போயிற்று. இந்த மாறுதல் சிறியதாகத் தோன்றினும், திட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது என்பேன்.

இத்திட்டத்தில் ஒரு குறையும் உண்டு. பள்ளி நிர்வாகம் தானே பதிவு செய்து சரக்கை வரவழைக்க வேண்டும். தலைமையாசிரியர் அசட்டையாக இருந்தால் மாணவிகளுக்கு ஒன்றும் வராது. ஆகவே திட்டம் கிடைத்த பின்னும், ஒவ்வொரு பள்ளியையும் பதிவு செய்யுமாறு தூண்டும் வேலை அந்த இளைஞர்களுக்கு மிஞ்சியது. ஆணை பிறந்த நாளோடு வேலை முடிந்தது என்று எண்ணுகிற வழக்கம் நம்மிடையேயும் உண்டு. அரசாங்க ஆணைக்கும் கிராமத்துச் சங்கத்து வாசலுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது அங்கத்தினர்களுக்குத் தெரியாததன்று.

இதற்கு முன்னரே, 2014ல், லாரா கோரிட்டன் என்ற கல்லூரி மாணவி வேறொரு பக்கத்திலிருந்து இப்பிரச்சினையைத் தொட்டிருந்தார். மாதவிலக்குப் பொருள்களின் மீது அந்நாட்டில் 5 சதவிகித வரி இருந்தது; அதை நீக்குமாறு அவர் தொடங்கிய மகஜரில் 3 லட்சத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். பழைய சோப்பு வரியின் கொள்ளுப்பேரன் என்று இந்த வரியைச் சொல்லலாம். பல ஆண்டு விவாதத்துக்குப் பின் 2021 ஜனவரி 1 முதல் வரி ஒழிந்தது. அனைவரும் மகிழ்ந்தனர். ஆனால் அடுத்த ஆண்டு வரி நிபுணர்கள் விலைகளை ஆராய்ந்து பார்த்தபோது, விட்டுக்கொடுத்த வரியின் பெரும் பகுதி கடைக்காரர்களிடமே தங்கிவிட்டது என்று கண்டார்கள். வாங்கும் பெண்ணின் கைக்கு வந்து சேர்ந்தது சொற்பமே.

நம் நாட்டிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. 2017ல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது நாப்கினுக்கு 12 சதவிகிதம் விதிக்கப்பட்டது. நாடெங்கும் பெண்கள் எதிர்த்தனர். 2018 ஜூலையில் வரி முற்றிலும் நீக்கப்பட்டது. ஆயினும் விலை 12 சதவிகிதம் இறங்கிவிடவில்லை. காரணம் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். நாப்கின் செய்பவர் மூலப் பொருளுக்குக் கட்டிய வரியை, விற்பனையில் வசூலித்த வரியில் முன்பு கழித்துக்கொண்டார். விற்பனை வரி இல்லையென்று ஆனபின் கழித்துக்கொள்ள இடமில்லை. மூலப் பொருளின் வரி அடக்க விலையில் ஏறிவிட்டது. நூலுக்கு வரி, சாயத்துக்கு வரி, துணிக்கு விலக்கு என்றால் நெசவாளனுக்கு என்ன நேரும் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

மேலிருந்து ஊற்றும் சலுகை வழியிலேயே வற்றிவிடுகிறது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் காட்டுகின்றன. இங்குதான் ராச்டேல் முன்னோடிகள் நினைவுக்கு வருகிறார்கள். கடை யாருடையது என்ற கேள்வியை எழுப்பியவர்கள் அவர்கள். வாங்குபவரே கடைக்கு உடைமையாளரானால் மிச்சமும் அவருக்கே திரும்பும். வரியைக் குறைக்கச் சொன்னது ஒரு போராட்டம். பொருளையே அவள் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் வைக்கச் சொன்னது மற்றொரு போராட்டம். முன்னது வீண் என்று சொல்ல மாட்டேன். பின்னதே இலக்கைத் தொட்டது.

பொருளை வைக்கும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 2017ல் போர்ட்ஸ்மத் நகரில் தோழியர் மூவர் ஒரு சிவப்புப் பெட்டியில் நாப்கின்களை நிரப்பிப் பள்ளியில் வைக்க ஏற்பாடு செய்தனர். வேண்டியவள் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டாம். இந்த ஏற்பாடு விரைவில் நாடெங்கும் பரவிற்று. இதற்கு முன்பும் பல பள்ளிகளில் அவசரத்துக்குச் சில நாப்கின்கள் இருந்ததுண்டு. ஆனால் அவை அலுவலக அலமாரியில் பூட்டியிருந்தன. பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி அலுவலக வாசலில் நின்று, குமாஸ்தாவிடம் காரணம் சொல்லிப் பெற வேண்டும். அதைவிட வீட்டிலேயே இருந்துவிடுவது மேல் என்று அவள் நினைத்தால் அவளைக் குறைகூற முடியுமா? பூட்டைத் திறந்ததுதான் அந்தத் தோழியர் செய்த பெரிய காரியம்.

ஸ்காத்லாந்து இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2018 முதல் அங்கே பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகங்களில் இலவசமாக வழங்கினர். பின்னர் மோனிக்கா லெனன் என்ற உறுப்பினர் கொண்டுவந்த மசோதாவை 2020 நவம்பர் 24ல் அந்நாட்டுப் பார்லிமெண்டு 121 வாக்குகளுடன், எதிர்ப்பு ஒன்றுமின்றி நிறைவேற்றியது. 2022 ஆகஸ்டு 15 முதல், தேவைப்படும் எவருக்கும் இப்பொருள் இலவசமாகக் கிட்டச் செய்வது ஸ்தல ஸ்தாபனங்களின் கடமை. எளிதில் எடுக்கும்படியும், எடுப்பவரின் கண்ணியத்துக்குக் குறைவு வராதபடியும் இருக்க வேண்டும் என்று அச்சட்டமே விதிக்கிறது. கண்ணியம் என்ற சொல் சட்டப் புத்தகத்தில் ஏறியது நல்ல அடையாளம்.

நிற்க. நம் பக்கம் திரும்புவோம். மாதவிலக்கு என்ற சொல்லிலேயே விலக்கி வைத்தல் இருக்கிறது. நம் பெண்களில் மிகப் பலர் தலைமுறை தலைமுறையாகப் பழந்துணியையே பயன்படுத்தி வந்தனர்; இன்றும் பயன்படுத்துவோர் உண்டு. துணி தவறான பொருள் அன்று. நெய்யும் குலத்தார் முன்னிலையில் துணியைப் பழிப்பேனா? நன்றாகச் சோப்பிட்டு அலசி, வெயிலில் காயவைத்து எடுத்தால் பருத்தித் துணி உடம்புக்கு இதமானதே. ஆனால் அந்தத் துணியைக் கொடியில் போட நம் வீடுகளில் வெட்கம். பரணிலும், கூரை இடுக்கிலும், மற்றொரு சேலைக்கு அடியிலும் மறைத்துக் காயவைக்கிறார்கள். ஈரம் முழுதும் போவதில்லை, வெயில் படுவதில்லை, அரிப்பும் புண்ணும் நோயும் வருகின்றன. கந்தையைக் கசக்கிக் கட்டச் சொன்ன ஊர், அந்தக் கந்தையை வெயிலில் காட்ட மட்டும் அனுமதிக்கவில்லை.

தமிழ்நாட்டு அரசாங்கம் 2012ல் 'புது யுகம்' என்ற பெயரால் ஒரு திட்டத்தைத் தொடங்கிற்று. 10 முதல் 19 வயது வரையுள்ள கிராமப்புறப் பெண்களுக்கு, இரண்டு மாதங்களுக்கு 3 பொட்டலங்கள், பொட்டலத்திற்கு 6 நாப்கின் என்று அளவு வகுத்தார்கள். இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு இந்த எண்ணம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இது நடந்தது என்பதை நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம். ஆயினும் கணக்குப் பார்ப்பது என் தொழில். இரண்டு மாதத்துக்கு 18 என்றால், ஒரு முறைக்கு 9 ஆகிறது. ஐந்து நாட்களுக்கு நாளொன்றுக்கு மூன்று வீதம் மாற்றினாலும் 15 வேண்டும். பாக்கி ஆறு எங்கிருந்து வரும்? 19 வயதுக்கு மேற்பட்ட, தறியில் அமரும் பெண்ணும், நடவு நட்டுக் களையெடுக்கும் பெண்ணும் எங்கே போவார்கள்? அரசாங்கம் பாதி வழி வந்திருக்கிறது. மீதி வழியை ஊரார் நடக்க வேண்டும்.

அந்த மீதி வழியை ஒருவர் நடந்து காட்டியிருக்கிறார். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்தின் பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. அவருடைய தாய் தந்தையர் கைத்தறி நெசவாளர் என்பதை இம்மலரின் வாசகர்கள் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். 1998ல் திருமணமான புதிதில், தம் மனைவி கந்தைத் துணியை மறைத்து எடுத்துச் செல்வதைக் கண்டார். நாப்கின் வாங்கினால் வீட்டுப் பால் செலவில் கைவைக்க நேரும் என்று அறிந்தார். உள்ளே இருப்பது பஞ்சு என்று எண்ணிப் பஞ்சை வைத்துச் செய்து பார்த்தார்; பயன்படவில்லை. உள்ளே இருப்பது பருத்தியன்று, பைன் மரக் கூழிலிருந்து எடுத்த நார் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு இரண்டாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பருத்தி விளைவிக்கும் நம் அன்பர்கள் பலரும் இதை இன்னமும் அறியார். கோடிக்கணக்கில் விலைபெற்ற அந்நிய யந்திரத்துக்குப் பதிலாக, சுமார் 65,000 ரூபாயில் ஓர் எளிய யந்திரத்தை அவர் அமைத்தார். 2006ல் சென்னை ஐ.ஐ.டி.யில் அதை எடுத்துக் காட்டினார். தேசியப் பரிசு பெற்றது. 2016ல் பத்மஸ்ரீ பட்டமும் வந்தது. இவற்றைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகப் படுவது, அந்த யந்திரத்தைப் பெரிய கம்பெனிகளுக்கு விற்றுவிடாமல் பெண்களின் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுத்து வந்ததே. செய்பவளும் அவளே, விற்பவளும் அவளே, வாங்குபவளும் அவளே என்றால், முன்னே சொன்ன கடைக்காரர் கசிவுக்கு அங்கே இடமில்லை.

இனி நம் சங்கங்கள் செய்யக்கூடியது என்ன என்று பார்ப்போம். யந்திரம் வாங்குவது எல்லாச் சங்கங்களுக்கும் ஆகாது. முதலும் மின்சாரமும் விற்பனை இடமும் வேண்டும். பெட்டி வைப்பது எல்லாருக்கும் ஆகும். பாவு வழங்கும் கிடங்கின் பின்புறக் குழாயடியிலும், விற்பனைச் சங்கத்து களத்திலும், சங்கக் கட்டடத்துக் கழிப்பறையிலும் ஒரு பெட்டி. அதில் நாப்கினும் சோப்புக் கட்டியும் பற்பொடியும். குழாயடியில் சோப்பில்லாத சங்கக் கட்டடங்கள் எத்தனை என்று நான் இங்கே எழுதினால் காரியதரிசிகளுக்கு வருத்தமாயிருக்கும். பயன்படுத்திய நாப்கினைப் போட மூடியுள்ள வாளி ஒன்றும் அவசியம். அதன் அடிப்புறம் பிளாஸ்டிக் ஆகையால் கழிப்பறையில் போட்டால் அடைத்துக்கொள்ளும், நிலத்தில் மக்காது. துணியே விரும்புவோருக்காக, மென்மையான பருத்தித் துணியை அடுக்கித் தைத்துத் தரும் வேலையை நெசவாளர் சங்கங்களே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதோடு சோப்பும், நாலு பேர் கண்ணில் படாமல் வெயில் மட்டும் படும் ஒரு முற்றமும் சேர்ந்தாலொழிய அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

யார் செய்வது? இதை நிர்வாக சபைப் பெரியவர்களிடம் ஒப்படைத்தால் கூட்டத்தில் பேசவே நாணுவார்கள். நான் அவர்களைக் குறைகூறவில்லை. அவர்கள் வளர்ந்த முறை அது. அங்கத்தினர்களின் வீடுகளில் பிளஸ் டூ படிக்கும் பெண்களும் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சொற்களைச் சொல்வதில் தயக்கமில்லை. லண்டனில் 17 வயதுப் பெண் செய்தது இங்கே ஆகாது என்பதற்குக் காரணம் ஒன்றும் தெரியவில்லை. அவர்களில் ஐந்தாறு பேரைக் கொண்ட ஒரு குழுவை அமைத்து, பல சங்கங்களின் துணைவிதிகளில் இடம்பெற்றுள்ள பொது நல நிதியிலிருந்து ஒரு சிறு தொகையை ஆண்டுதோறும் ஒதுக்கி, எதை வாங்குவது, எங்கே வைப்பது, எப்போது நிரப்புவது என்பனவற்றை அவர்களே முடிவு செய்ய விட்டுவிடலாம். பையன்களும் அக்குழுவில் இருக்கட்டும். கடையில் நாப்கின் பொட்டலத்தைக் காகிதத்தில் சுற்றாமல் வாங்கி வருவதற்கு அவர்கள் பழகினாலே பாதி வேலை முடியும்.

"யாரேனும் அள்ளிக்கொண்டு போய்விட்டால்?" என்ற கேள்வி நிச்சயம் எழும். அள்ளிப் போகிறவள் வீட்டில் ஒரு தங்கையும் ஒரு தாயும் இருப்பார்கள். முதல் மாதம் பெட்டி விரைவில் காலியானால், தேவை நாம் நினைத்ததைவிட அதிகம் என்று தெரிந்துகொள்ளலாம்.

கணக்கு எழுதும் விஷயமாகவும் ஒரு வார்த்தை. நம் சங்கங்களில் எதைக் கொடுத்தாலும் பெயர், தகப்பனார் பெயர், அங்கத்தினர் எண், கையொப்பம் அல்லது கைநாட்டு என்று கட்டம் போட்டு நீட்டுவது வழக்கம். இதில் அந்தப் பதிவேட்டைத் திறக்க வேண்டாம். பெட்டிக்கு அருகே நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கண்ட மாத்திரத்தில் அந்தப் பெண் திரும்பிப் போய்விடுவாள். வாங்கிய சரக்குக்குப் பட்டியலும், ஓர் இருப்புப் பதிவேடும் போதும். வாரம் ஒருமுறை குழுவினர் இருவர் பெட்டியில் எஞ்சியதை எண்ணிப் பார்த்து, குறைந்ததை வழங்கல் கலத்தில் ஒரே தொகையாக எழுதிக் கையொப்பமிட வேண்டியது. பெயரில்லாத அந்தப் பதிவை ஒப்புக்கொள்வதாகப் பேரவைத் தீர்மானத்திலேயே ஒரு வரி சேர்த்துவிட்டால், பிற்பாடு தணிக்கைக்கு வருபவர் எவரும் கேள்வி எழுப்ப நேராது.